மூணாவது போட்டு

இது நடந்தது. நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், எனக்கு ஒன்றும் கோபம் வராது. நடந்த அன்றைக்கு என்னாலேயே நம்ப முடியவில்லை. இப்போது நம்புகிறாயா என்று கேட்டாலும் சரியாகச் சொல்லத் தெரியாது.

என் பெயர் பரணிதரன். திருத்தணியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறேன். பைப்பு, ஆணி, பெயிண்டு, மோட்டார் சாமான். பில் மிஷின் ஒவ்வொரு சீட்டிலும் நேரத்தை அடித்துத் தரும். ஒன்பது வருஷமாக அதையே பார்த்துப் பார்த்து, எது நடந்தாலும் முதலில் மணி பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. அதனால் இதில் வரும் நேரங்களையாவது நம்புங்கள்.

என் அண்ணன் விஜயன் கொச்சியில் ஒரு சின்னப் படகுப் பட்டறையில் வெல்டராக இருந்தான். போன வருஷம் ஐப்பசியில் செத்துப்போனான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பியவன் அறைக்குத் திரும்பவில்லை. ஊருக்குப் போயிருப்பான் என்று அறையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அங்கேதான் இருக்கிறான் என்று நாங்கள் நினைத்தோம். திங்கட்கிழமை காலையில் மீன் பிடிக்கப் போனவர்கள் துறைமுகத் தண்ணீரில் கண்டெடுத்தார்கள். கால் தவறி விழுந்திருப்பான் என்றார்கள். என் அக்கா வீட்டுக்காரர் கோதண்டம் போய் உடம்பை வாங்கிவந்தார். அங்கே அவனோடு தங்கியிருந்த திருவாலங்காட்டுக்காரர் பஞ்சாட்சரம்தான் ஆஸ்பத்திரியில் கூட நின்றார். செத்தது எந்த நாள் என்று தெரியாததால், கண்டெடுத்த திங்கட்கிழமையையே கணக்காக வைத்துக் காரியம் செய்தோம்.

எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. 'அழுதுடுப்பா, உள்ள வெச்சிக்காத' என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். உள்ளே ஏதாவது இருந்தால்தானே வெளியே வரும்? பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்கும்? எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், பில் போட்டேன்.

ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அவனைக் கண்டெடுப்பதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 6:12க்கு, எனக்கு அவனிடமிருந்து போன் வந்தது. கடையில் நல்ல கூட்டம். ஒரு மேஸ்திரி எதிரே நின்று கத்திக்கொண்டிருந்தார். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று கட் பண்ணினேன். கட் பண்ணியதை மறந்தும் போனேன். காலையில் செய்தி வந்தது.

ஆக, ஞாயிறு சாயங்காலம் வரை அவன் உயிரோடு இருந்திருக்கிறான். என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறான். எடுத்திருந்தால் பிழைத்திருப்பானோ என்னவோ. போனில் அந்த 6:12ஐப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். தினமும் ஒரு தடவை பார்ப்பேன். பார்த்தாலும் ஒன்றும் தோன்றாது.

சாவதற்குப் பத்து நாள் முன்னால் அவன் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். அக்கா மகன் அபிக்கு எங்கள் ஊர் முருகன் மலைமேல் மொட்டை போட்டுவிட்டு, எல்லோரும் கொச்சிக்கு வருவதாக ஏற்பாடு. அங்கே படகில் சுற்றிப் பார்க்கத்தான் வழி சொல்லியிருந்தான். எனக்கு அது மனப்பாடம்.

"டேய் பரணி, கேட்டுக்க. எர்ணாகுளத்துல எறங்கனவொடனே டூரிஸ்ட்டு போட்டுக்காரன் வந்து புட்ச்சிக்குவான், ஏமாந்துடாத. நேரா கவர்மெண்டு போட்டு ஜெட்டிக்குப் போ. ஒரு டீ காசுல தொறமுகத்தையே சுத்திப் பாத்துடலாம். மொத போட்டு வைப்பின் தீவுக்கு. எடது பக்கம் உக்காரு, கப்பலுங்க கிட்ட தெரியும். ரெண்டாவது போட்டு ஃபோர்ட் கொச்சிக்கு, அஞ்சு நிமிசம்தான். அங்க எறங்கி பெரிய வலைங்களப் பாரு, புள்ளைக்குக் கடலக் காட்டு. திரும்பி வர்ற போட்டு அஞ்சு அம்பத்தஞ்சுக்கு. எனக்கு வேல அஞ்சரைக்கு முட்ஞ்சிடும். நீங்க ரெண்டு போட்டு பாத்துட்டு வாங்க. மூணாவது போட்டுல நான் ஏறிக்கிறேன். ஆங், இன்னொன்னு. மொட்ட போட சொல்லொ புள்ள என் மடியிலதான். நான்தான் பெரிய மாமன். நீ குறுக்க வராத."

முதல் மொட்டைக்குக் குழந்தையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கே சண்டை வரும். எங்களுக்குள் அது விளையாட்டுச் சண்டை. அவன் அதற்காகவே ஜரிகைக்கரை போட்ட ஒரு புது வேட்டி வாங்கி வைத்திருந்தான். உடம்போடு அவன் சாமான்கள் வந்தபோது அந்த வேட்டியும் பிரிக்காத கவரோடு வந்தது.

சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் மலை ஏறக்கூடாது. திருத்தணியில் இருந்துகொண்டு மலை ஏறாமல் இருப்பது என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் மலை தெரியும், கடை வாசலில் நின்றாலும் தெரியும். நான் தரையைப் பார்த்தே ஒரு வருஷத்தை ஓட்டினேன். தெவசம் முடிந்தது. அபிக்கு ஐந்து நடக்கிறது. முடி தோள் வரைக்கும் வந்துவிட்டது. கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மொட்டை என்று முடிவாயிற்று.

"மொட்டையும் போட்டும் ரெண்டும் அண்ணன் ஆசப்பட்டது. ஒன்ன செஞ்சி ஒன்ன வுட்டா எப்டி?" என்றாள் அக்கா வசந்தி. அன்றைக்கு ராத்திரியே கொச்சிக்கு ரயில் என்றும் அவள்தான் முடிவு செய்தாள்.

மலைக்குக் கிளம்பும்போது அந்த வேட்டிக் கவரை என் கையில் கொடுத்தாள்.

"மடியில இத்த விரிச்சிட்டு, அதும்மேல புள்ளைய உக்கார வெய்யி. அண்ணன் மடியில உக்காந்த மாரி இருக்கட்டும்."

"சரி."

சரி என்றுதான் சொன்னேன். முடி எடுக்கும் இடத்தில் அக்கா சந்தனம் வாங்கப் போயிருந்தாள். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து தோள்பையைத் திறந்தேன். கவரைத் தொட்டேன். உள்ளிருந்து டீசல் வாசனை வந்தது, அவன் லீவில் வரும்போது சட்டையில் வருமே அதே வாசனை. கை அதற்குமேல் போகவில்லை. துக்கம் என்று சொல்ல மாட்டேன். கை போகவில்லை, அவ்வளவுதான்.

"தாய்மாமன் நீங்கதான? வெச்சிக்கினு கெட்டியா புட்ச்சிக்கோங்க" என்றார் முடி எடுப்பவர்.

நான் பையை மூடினேன். அபியை என் வேட்டி மேலேயே உட்கார வைத்துக்கொண்டேன். ஏழு நிமிடத்தில் வேலை முடிந்தது. அக்கா திரும்பி வரும்போது பிள்ளை மடியை விட்டு இறங்கிவிட்டான், மொட்டைத் தலையில் சந்தனம் பூசுகிற வேலைதான் பாக்கி. வேட்டியை விரித்தேனா என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு வருஷத்தில் இது நான் மறைத்த இரண்டாவது விஷயம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எர்ணாகுளத்தில் இறங்கி, ஒரு லாட்ஜில் குளித்துவிட்டு, மதியம் மூன்று மணிக்குப் படகுத்துறைக்கு நடந்தோம். அக்கா அபியின் சந்தனத்தைக் கழுவ விடவில்லை. காய்ந்து, வயல்சேறு மாதிரி வெடித்திருந்தது. அதற்குமேல் அவளே குழைத்து இன்னொரு பூச்சுப் பூசினாள். டூரிஸ்ட்டு படகுக்காரர்கள் இரண்டு பேர் வந்து பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் சொன்னபடியே ஏமாறாமல் போனோம்.

"அந்த மெசேஜ போடு பரணி. அவரே வழி சொல்ற மாரி இருக்கட்டும்" என்றார் கோதண்டம். மணவூர்ப் பக்கம் கரும்பு போடுகிறவர். அவருக்கு எதையும் கேட்டுக்கொண்டே பார்க்கவேண்டும்.

"வேணாம் பாவா. எனக்குத் தெரியும்."

"போடுடா. அக்கா கேக்கறால்ல."

போட்டேன். முதல் படகு கிளம்பியது 3:20. பெரிய மரப்படகு, வரிசையாக மூன்று பேர் உட்காருகிற மரப்பலகைகள், கண்ணாடி இல்லாத திறந்த ஜன்னல்கள். கையை நீட்டினால் தண்ணீர். ஒருவர் மணியடித்து இன்ஜின்காரருக்குச் சைகை கொடுப்பார். டிங். படகு நகரும். டிங் டிங். வேகம் மாறும். இடது பக்கம் உட்கார்ந்தோம். மெசேஜில் "கப்பலுங்க கிட்ட தெரியும்" என்றபோது, ஒரு சிவப்புக் கப்பல் எங்கள் தலைக்குமேல் மூன்று மாடி உயரத்துக்கு நின்றது. கோதண்டம் வாயைப் பிளந்து பார்த்தார். அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அது ஒரு பெரிய இரும்பு, அவ்வளவுதான்.

"திரும்பி வர்ற போட்டு அஞ்சு அம்பத்தஞ்சுக்கு" என்ற இடத்தில் நான் மெசேஜை நிறுத்திவிட்டேன். அதற்கப்புறம் உள்ள பேச்சு அக்காவுக்கும் பாவாவுக்கும் தெரியாது. தெரியவேண்டாம் என்றுதான் நிறுத்தினேன்.

இரண்டாவது படகும் நன்றாகத்தான் போனது. ஃபோர்ட் கொச்சியில் பெரிய வலைகளைப் பார்த்தோம். அபி கடலைப் பார்த்து ஓடினான், நனைந்தான், வறுத்த கடலை தின்றான். உண்மையைச் சொன்னால் நல்ல ஊர். செலவே இல்லாமல் ஒரு துறைமுகத்தை அடி முதல் நுனி வரை பார்த்துவிட்டோம்.

5:38. திரும்பும் படகுக்கு டிக்கெட் வாங்க நான் மட்டும் கவுண்டருக்குப் போனேன். மற்றவர்கள் பத்தடி தள்ளி டீக்கடையில் நின்றார்கள். அபி சின்னப் பையன், அவனுக்கு டிக்கெட் இல்லை.

"மூணு, எர்ணாகுளம்."

உள்ளே இருந்தவர் நான்கு டிக்கெட் கொடுத்தார். நான் மூன்று விரலைக் காட்டினேன். அவர் என் தோளுக்குப் பின்னால் ஒரு முறை பார்த்தார்.

"நாலு பேரில்லே?" என்றார் மலையாளத்தில்.

திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் யாரும் இல்லை. தூரத்தில் கோதண்டம் டீயை ஊதிக்கொண்டிருந்தார். அவரையும் அக்காவையும் சேர்த்து எண்ணினாலும் டிக்கெட் மூன்றுதான். வாதாடத் தெம்பில்லாமல் நான்கையும் வாங்கிக்கொண்டேன்.

5:55. டிங். மூன்றாவது படகு.

கூட்டம் ஏறிவிட்டது. அக்காவும் கோதண்டமும் முன் பலகையில் இடம் பிடித்தார்கள். பின் பலகையில் நடைபாதை ஓரம் நான், நடுவில் அபி. ஜன்னல் ஓரம் காலி. ஆட்கள் நின்றுகொண்டு வருகிறார்கள், அந்த இடம் மட்டும் காலி. ஒருவர் உட்கார வந்தார். பலகையைப் பார்த்தார். நகர்ந்து போய் நின்றுகொண்டார்.

அபி தூங்கி வழிந்தான். ஜன்னல் பக்கமாகச் சாய்ந்தான். தோள்பையை நான் மடியில் வைத்திருந்தேன். ஜிப் மூடியிருந்தது. அதன்மேல்தான் என் இரண்டு கையும் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

6:03. வெளிச்சம் மங்கியது. துறைமுகத்தில் விளக்குகள் வந்தன. எங்கள் பக்கத்தில் ஒரு வயதான அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார். நான் ஜன்னல் ஓரத்தைக் காட்டி, உட்காருங்கள் என்று சைகை செய்தேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"அவிடெ ஆளுண்டல்லோ" என்றார்.

அங்கே ஆள் இருக்கிறதே என்கிறார். அந்த அளவுக்கு மலையாளம் எனக்கும் புரியும்.

நான் பார்த்தேன். பலகைதான் இருந்தது.

6:07. சொட்... சொட்... என்று ஒரு சத்தம். இன்ஜின் சத்தத்துக்கு நடுவில் அது எப்படிக் கேட்டது என்று இப்போதும் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். ஜன்னல் ஓரப் பலகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழை இல்லை. அலை அடிக்கவில்லை. மற்ற பலகைகள் எல்லாம் காய்ந்து கிடந்தன.

டீசல் வாசனை. படகு என்றால் டீசல் வாசனை வரத்தான் செய்யும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

6:10. அபி முழுவதுமாகச் சாய்ந்து படுத்துவிட்டான். அவன் தலை பலகையில் இடித்துக்கொண்டிருக்கும், கையை அடியில் வைக்கலாம் என்று நீட்டினேன்.

தலை பலகையில் இல்லை.

பலகைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது. கழுத்து வளையாமல், சுகமாக, ஒரு மடியில் படுத்திருக்கிற மாதிரி. அடியில் ஒன்றும் இல்லை. படகு குலுங்கியது. பலகை குலுங்கியது. அவன் தலை மட்டும் குலுங்கவில்லை.

நான் கையை நீட்டியபடியே இருந்தேன். கத்த வேண்டும். அக்கா ஒரு முழ தூரத்தில் இருக்கிறாள். குரல் வரவில்லை.

அவனுக்கு அந்தப் பக்கம் திறந்த ஜன்னல். அதற்குக் கீழே தண்ணீர்.

பிள்ளையைக் கேட்டு வந்திருக்கிறான்... என்றுதான் தோன்றியது. குறுக்க வராத என்று சொன்னானே. வந்துவிட்டேன். அவன் வேட்டியைக்கூட விரிக்காமல்...

6:12.

மடியில், பைக்கு அடியில், சட்டென்று அதிர்ந்தது. என் போன்.

எடுத்துப் பார்த்தேன். 'விஜயன் அண்ணன்'.

அந்த நம்பர் இல்லை. அது செத்து மாதக்கணக்காகிறது. நானே கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் கட் பண்ணிய அதே விரல். இந்த முறை பச்சையை அழுத்தினேன்.

இன்ஜின் சத்தம்.

அப்புறம் டிங்... அது போனுக்குள் முதலில் கேட்டது. அதற்கப்புறம்தான் படகில் அடித்தது.

பேச்சு இல்லை. ஆனால் இன்னொரு சத்தம் இருந்தது. மெல்லிசாக, சீராக... குறட்டை.

அபியின் குறட்டை.

போன் என் காதில் இருக்கிறது. அபியின் வாய் என்னிடமிருந்து இரண்டு முழம். ஆனால் போனுக்குள் அது அத்தனை கிட்டத்தில் கேட்டது. யாரோ அவனை மடியில் போட்டுக்கொண்டு, போனைக் கையில் வைத்திருக்கிற மாதிரி.

"அண்ணா" என்றேன்.

குறட்டை.

"அண்ணா... வேட்டிய நான் விரிக்கல. தப்புதான். போனும் எடுக்கல. அதுவும் தப்புதான். புள்ள இன்னா பண்ணுச்சி. புள்ளைய வுட்டுடு."

டிங். டிங்.

அபியின் தலை மெதுவாகக் கீழே இறங்கியது. விழவில்லை. இறங்கியது. தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் பாயில் விடுகிற மாதிரி, கடைசி ஓர் அங்குலத்தில் அவ்வளவு பார்த்துப் பார்த்து... பலகையில் வந்து படிந்தது.

போன் கட் ஆயிற்று. 6:14.

6:15க்குப் படகு துறையில் இடித்து நின்றது. நான் அபியை அள்ளிக்கொண்டு இறங்கினேன். முதல் ஆளாக இறங்கினேன். அக்கா பின்னால் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள், நான் நிற்கவில்லை. வெளி ரோட்டுக்கு வந்து விளக்கடியில்தான் பிள்ளையைப் பார்த்தேன். விழித்துக்கொண்டு கொட்டாவி விட்டான். ஒரு கீறல் இல்லை. தலையில் ஒரு பக்கத்துச் சந்தனம் மட்டும் சுத்தமாக அழிந்திருந்தது.

லாட்ஜுக்குப் போனதும் அக்கா சீப்பு தேடி என் பையைத் திறந்தாள். நான் தடுக்கவில்லை. எனக்குத் தடுக்கத் தோன்றவில்லை.

வேட்டிக் கவரை வெளியே எடுத்தாள். கவர் மடித்தபடியே இருந்தது. ஆனால் வேட்டி உள்ளே ஈரமாக இருந்தது. பிரித்தாள். நடுவில், மடியில் வருகிற இடத்தில், ஒரு சின்னத் தலையளவுக்கு வட்டமாகச் சந்தனம் ஒட்டியிருந்தது.

அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"விரிச்சியாடா" என்றாள். "எங்க நீ கல்லு மாரி இருக்கறவன், விரிக்காம வுட்டுருப்பியோன்னு ராத்திரி பூரா நெனச்சிகினே வந்தேன். கேக்கவும் பயமா இருந்துச்சி. ஆனா ஏண்டா ஈரத்தோட மட்ச்சி வெச்ச?"

"தண்ணி பட்டுடுச்சி" என்றேன்.

மலைமேல் என் மடியில் இருந்தவரை அபி தலையில் சந்தனமே பூசவில்லை. உட்காரும் பிள்ளையின் தலை மடியில் படவும் படாது. அக்காவுக்கு அது தோன்றவில்லை. வேட்டியை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்து, நிம்மதியாகத் தூங்கினாள். அவளுக்கு அந்த நிம்மதி இருக்கட்டும் என்று நான் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் அவள் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

ஊருக்கு வந்தும் நான் மாறவில்லை. பில் போட்டேன். பயந்தேனா என்று கேட்டால், அன்றைக்குப் பயந்தேன். அப்புறம் பயமும் மரத்துப்போனது.

தை மாதம் பொங்கல் முடிந்த வாரம், சாயங்காலம் 5:40 மணிக்கு, கடையில் ஒருவர் போர் மோட்டாருக்கு வால்வு கேட்டு நின்றார். நிமிர்ந்து பார்த்தேன். கொச்சியில் அண்ணனோடு தங்கியிருந்த பஞ்சாட்சரம் அண்ணன்.

"பரணிதான?"

"ஆங், வாங்கண்ணா. கொச்சிய வுட்டு வந்துட்டீங்களாமே?"

"வந்துட்டேன். அங்க இருக்க முடியல."

"ஏன்?"

அவர் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையில் வேறு ஆள் இல்லை. எனக்கு என்ன ஆயிற்றோ, ஒரு வருஷத்துக்கு மேலாக உள்ளே கிடந்ததை அவரிடம் சொன்னேன்.

"அண்ணா, அவனக் கண்டெடுத்ததுக்கு மொத நாளு, ஞாயித்துக்கெழம, எனக்கு போன் பண்ணான். நான் எடுக்கல. கட் பண்ட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

அவர் கை நின்றது.

"எத்தினி மணிக்கு?"

"ஆறு பன்னண்டு."

வால்வை மேஜைமேல் வைத்தார். மெதுவாக வைத்தார்.

"எனக்கு ஆறு பதினாலு" என்றார்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"நான் எடுத்தேன் பரணி."

"என்னா சொன்னான்?"

"போட்டு சத்தமா இருந்துச்சி. மணி அட்ச்சிகினு இருந்துச்சி. 'பஞ்சு, பரணி போன் எடுக்கல. மூணாவது போட்டுல நான் ஏறிக்கிறேன்னு அவன்கிட்ட சொல்லிடு'ன்னான். அவ்ளோதான், கட்டாயிடுச்சி. எனக்கு ஒன்னும் வெளங்கல. எங்கியோ இருந்து வெளாடறான்னு வுட்டுட்டேன்."

அந்த மெசேஜில் இருந்த மூணாவது போட்டு வரி அவருக்குத் தெரியாது. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

"அப்போ ஞாயித்துக்கெழம வரிக்கும் இருந்திருக்கான்" என்றேன். "நான் எடுத்திருந்தா..."

"இல்ல பரணி."

"இல்லண்ணா, நீங்களே பேசியிருக்கீங்க..."

"ஆஸ்பத்திரியில கூட நின்னது நான்தான். டாக்டரு மலையாளத்துல சொன்னாரு, உங்க பாவாவுக்குப் புரியல. நானும் எடுத்துச் சொல்லல. எப்டிச் சொல்லுவேன்?" அவர் வால்வைத் தள்ளிவைத்தார். "தண்ணியில மூணு நாளு இருந்துருக்குன்னாரு. வெள்ளிக்கெழம ராத்திரியே முட்ஞ்சிபோச்சி."

"போன்?"

"பேண்ட்டு பாக்கெட்லயேதான் இருந்துச்சி. என் கையால நான்தான் எடுத்தேன். தலகீழா புடிச்சா தண்ணி ஊத்துச்சி."

நான் வால்வுக்குப் பில் போட்டேன். மிஷின் சீட்டைத் தள்ளியது. கிழித்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்காமல் என் முகத்தையே பார்த்தார். சீட்டில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்து மை கலைந்துகொண்டிருந்தது. நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நேரம் மட்டும் அழியாமல் இருந்தது. 5:52. 6:12க்கு இன்னும் இருபது நிமிடம்.

போனை எடுத்து மேஜைமேல், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன். சத்தத்தை முழுவதும் ஏற்றிவைத்தேன். பஞ்சாட்சரம் அண்ணன் கிளம்பவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.